பழைய ரிதம் அண்ட் புளூஸ் கிறிஸ்துமஸ் இசைத்தட்டுகள்: கேட்கவும் வாங்கவும் ஓர் அறிமுகம்

‘ஹோம் அலோன்’ படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. வீட்டில் தனியாக விடப்பட்ட சிறுவன் கண்ணாடி முன்னால் நின்று, தலைவாரிய சீப்பையே மைக்காகப் பிடித்து ஒரு பாட்டுக்கு வாயசைப்பான். 1954இல் ட்ரிஃப்டர்ஸ் குழு பாடிய ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ அது. படம் வந்ததோ 1990இல். நடுவே கடந்த 36 ஆண்டுகளும் அந்தத் தட்டு எங்கோ உறங்கிக் கிடக்கவில்லை. டிசம்பர் பிறந்தால் வெளியே வரும், பாடும், ஜனவரியில் உறைக்குள் போய்விடும். அடுத்த டிசம்பரில் மறுபடி வரும்.

இந்த வருகையும் போக்கும்தான் பழைய ரிதம் அண்ட் புளூஸ் கிறிஸ்துமஸ் தட்டுகளின் சாவி. அவற்றில் ஏன் இத்தனை ஏக்கம், ஒரே பாட்டுக்கு ஏன் இத்தனை பதிவுகள், முதல் அச்சை, அதாவது பாட்டு வெளியானபோதே அடித்த தட்டை, கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டால், மூன்றுக்கும் பதில் காலண்டரிலிருந்தே தொடங்குகிறது.

பெயர் எங்கிருந்து வந்தது

‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்பது முதலில் ஓர் இசைவடிவத்தின் பெயரே அல்ல, ஒரு விற்பனைப் பட்டியலின் பெயர். அமெரிக்காவின் ‘பில்போர்டு’ இதழ் கறுப்பின மக்கள் வாங்கும் தட்டுகளுக்குத் தனிப் பட்டியல் வைத்திருந்தது. 1942இல் அதற்கு ‘ஹார்லெம் ஹிட் பரேட்’ என்று பெயர்; 1945இல் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ ஆயிற்று. இனத்தைச் சொல்லிக் காட்டும் அந்தப் பெயரை 1949 ஜூனில் கைவிட்டு, இதழில் அப்போது வேலைபார்த்த ஜெரி வெக்ஸ்லர் சொன்ன ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயரை வைத்தார்கள். அதே வெக்ஸ்லர் 1953இல் அட்லாண்டிக் நிறுவனத்தில் சேர்ந்து, அந்தப் பெயருக்கு உருவம் கொடுத்த தட்டுகளைத் தயாரித்தவர்களில் ஒருவரானார்.

பட்டியலின் பெயர் என்பதால் அதற்குள் பலவகை இசை அடங்கும். பியானோ, கிட்டார், பேஸ் என மூன்றே பேர் வாசிக்கும் மெதுவான கிளப் புளூஸ், சாக்ஸபோன் முழங்கும் துள்ளல் இசை, நாலைந்து ஆண்குரல்கள் பின்னிப் பாடும் டூ-வாப், அறுபதுகளில் வந்த சோல் எல்லாமே இங்கே உண்டு. சேகரிப்பவர்கள் ‘பழைய’ என்று சொல்லும்போது பொதுவாக 1947 முதல் 1968 வரையான காலத்தையே நினைக்கிறார்கள்.

காதில் எப்படி அடையாளம் காண்பது

இரண்டு விஷயங்களைப் பழகிக்கொண்டால் போதும்.

ஒன்று, 12 அளவு புளூஸ். நம் சுரங்களை வைத்தே சொல்லலாம். ச, ம, ப ஆகிய மூன்றின் மேல் கட்டிய மூன்று கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகள். அளவு என்பது தாளத்தின் ஒரு சுற்று; ஒவ்வொன்றுக்கும் நான்கு அடி. முதல் 4 அளவு ‘ச’வில் நிற்கும். அடுத்த 2 ‘ம’வுக்குப் போகும். பிறகு 2 அளவு ‘ச’வுக்குத் திரும்பும். 9ஆவது அளவில் ‘ப’, 10இல் ‘ம’, கடைசி 2 அளவில் மறுபடி ‘ச’. பாடல் வரியும் இதற்கு ஏற்றபடிதான் அமையும்: முதல் வரியைச் சொல்லி, கொஞ்சம் மாற்றி அதையே இன்னொரு முறை சொல்லி, மூன்றாவது வரியில் விஷயத்தை அவிழ்ப்பார்கள். ‘மெர்ரி கிறிஸ்துமஸ் பேபி’ பாட்டை விரலால் தட்டி எண்ணிக்கொண்டே கேளுங்கள். 12 முடிந்ததும் அடுத்த சரணம் தொடங்குவது கைக்கே தெரியும்.

இரண்டாவது, மும்மூன்றாக ஓடும் நடை. ‘தகிட தகிட தகிட தகிட’ என்று நான்கு முறை சொல்லிப் பாருங்கள். 12 சிறு அடிகள், நான்கு பெரிய அடிகள். ஐம்பதுகளின் மெதுவான பாட்டுகளில் பியானோக்காரர் வலது கையில் இதைத்தான் விடாமல் அடிப்பார். சார்லஸ் பிரவுன் 1960இல் பாடிய ‘ப்ளீஸ் கம் ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்’ இந்த நடைக்கு நல்ல பாடம். மிருதங்கத்தில் திஸ்ர நடை கேட்டுப் பழகியவர்கள் முதல் பத்து விநாடியிலேயே பிடித்துவிடுவார்கள்.

இவற்றின் மேல் பண்டிகைக்கென்று சில பூச்சுகள் விழும். தொடக்கத்தில் மணியோசை, கிட்டார் தனிவாசிப்புக்கு நடுவே இரண்டு விநாடி ‘ஜிங்கிள் பெல்ஸ்’ மெட்டு, இப்படி. பூச்சை எடுத்துவிட்டாலும் அடியில் புளூஸ் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அது இந்த வகைத் தட்டு அல்ல, வெறும் பண்டிகைப் பாட்டு.

ஏன் இவ்வளவு ஏக்கம்

கிறிஸ்துமஸைப் பற்றிய புளூஸ் 1947இல் திடீரென்று முளைக்கவில்லை. பெஸ்ஸி ஸ்மித் 1925இலேயே கிறிஸ்துமஸ் நடனக் கொண்டாட்டத்தைப் பாடிப் பதிவுசெய்தார். பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் 1928இல், லீராய் கார் 1929இல் பாடினார்கள். லீராய் கார் பாட்டில் பண்டிகை வரும்போது பாடுகிறவன் சிறையில் இருக்கிறான். பிரிவையும் இல்லாமையையும் வருடம் முழுக்கப் பாடலாம்தான். ஆனால் எல்லோரும் வீடு திரும்பும் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருவருக்கு மட்டும் வீடு இல்லை என்றால், அந்த வலியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தேதியைச் சொன்னாலே போதும். தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு இது புரியும்.

அதனால் பாடலாசிரியர் கதை சொல்லி நேரத்தைக் கழிக்க வேண்டியிருக்கவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 10 அங்குல ‘78’ தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பதே ஏறத்தாழ மூன்று நிமிடம்தான். மணியோசை ஒன்று, மரம் ஒன்று, வராத ஆள் ஒருவர், பாட்டு தயார்.

1947: ஒரு தட்டிலிருந்து தொடங்கலாம்

புதியவர்கள் முதலில் கேட்க வேண்டியது ‘மெர்ரி கிறிஸ்துமஸ் பேபி’. லாஸ் ஏஞ்சலிஸில் லியான் ரெனே நடத்திய எக்ஸ்க்ளூசிவ் நிறுவனம் 1947இல் வெளியிட்டது. தட்டின் மேல் இருக்கும் பெயர் ‘ஜானி மூர்ஸ் த்ரீ பிளேசர்ஸ்’. பாடியவரும் பியானோ வாசித்தவரும் சார்லஸ் பிரவுன். டெக்ஸஸ்காரர், வேதியியல் படித்தவர், பள்ளியில் வேதியியல் ஆசிரியராகவும் இருந்தவர். போர்க்காலத்தில் கலிஃபோர்னியாவுக்கு வந்து கிளப்புகளில் பியானோ வாசித்தார். குரலை உயர்த்தாமல், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடுவார்.

குழுத் தலைவர் ஜானி மூர் கிட்டார் வாசித்தவர். அவருடைய சகோதரர் ஆஸ்கர் மூர், நாட் கிங் கோல் ட்ரியோவின் கிட்டார் கலைஞர். கோல் ட்ரியோ 1946இல் ‘தி கிறிஸ்துமஸ் சாங்’ பாட்டை வெளியிட்டிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெத்தென்ற பியானோவும் மின்கிட்டாரும் ஒரே குடும்பத்துச் சாயலில் இருக்கும். கோலின் பாட்டு குளிருக்கு இதமான வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறது. பிரவுன் பாட்டு நடு இரவுக்குப் பிந்தைய கிளப்பில் இருக்கிறது. சொற்கள் மகிழ்ச்சியானவைதான்: பரிசாக வைர மோதிரம் கிடைத்திருக்கிறது, ரேடியோவில் பாட்டு ஓடுகிறது. ஆனால் அந்தக் குரலும் மெதுவான புளூஸும் அந்த மகிழ்ச்சியை முழுதாக நம்ப விடுவதில்லை. இந்த முரணை உணர்ந்துவிட்டால் இந்த வகை முழுதும் உங்களுக்குத் திறந்துவிடும்.

பாட்டு ஜானி மூர், லூ பாக்ஸ்டர் பெயர்களில் பதிவாகியிருக்கிறது. எழுதியது தானே என்று பிரவுன் பிற்காலம் வரை சொல்லிவந்தார்.

இதைப் பார்த்து மற்ற சிறு நிறுவனங்களும் இறங்கின. எக்ஸ்க்ளூசிவே 1948இல் மேபல் ஸ்காட் பாடிய ‘பூகி வூகி சாண்டா கிளாஸ்’ என்ற துள்ளல் பாட்டை விற்றது. ஏமஸ் மில்பர்ன் 1949இல் அலாடின் நிறுவனத்துக்காக ‘லெட்ஸ் மேக் கிறிஸ்துமஸ் மெர்ரி, பேபி’ பாடினார். லோவல் ஃபுல்சன் 1950இல் ஸ்விங் டைம் நிறுவனத்துக்குப் பாடிய ‘லோன்சம் கிறிஸ்துமஸ்’ தட்டின் இரண்டு பக்கத்துக்கும் நீளும் ஒரே பாட்டு. எல்லாமே லாஸ் ஏஞ்சலிஸ் நிறுவனங்கள். பனியே விழாத ஊரில் பிறந்தவை இந்தப் பாட்டுகள்; மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் சுவை கூடும்.

குரல் குழுக்கள்

கிழக்குக் கரையில் கதை வேறு. பால்டிமோர் இளைஞர்களான ஓரியோல்ஸ் குழு 1948இல் ஜூபிலி நிறுவனத்துக்காக ‘லோன்லி கிறிஸ்துமஸ்’ பாடியது. முன்னணிக் குரல் சன்னி டில். இசைக்கருவிகள் பெயருக்குத்தான்; குரல்களே வாத்தியம்.

அதே 1948இல் ரேவன்ஸ் குழு நேஷனல் நிறுவனத்துக்காக ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாடியது. இர்விங் பெர்லின் எழுதி, 1942இல் பிங் கிராஸ்பி குரலில் நாடே அறிந்துவிட்ட பாட்டு. ரேவன்ஸ் அதைத் தலைகீழாக்கினார்கள். ஜிம்மி ரிக்ஸின் அடித்தொண்டைக் குரல் முன்னுக்கு வந்தது. ட்ரிஃப்டர்ஸ் 1954இல் எடுத்துக்கொண்டது இந்த அமைப்பைத்தான்: பில் பிங்க்னியின் கீழ்க்குரல் முதலில், பிறகு கிளைட் மெக்ஃபேட்டரின் உயர்ந்த, நடுங்கும் குரல். 1957இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியதும் ட்ரிஃப்டர்ஸ் அமைப்பையே பின்பற்றி. இந்த நான்கையும் வரிசையாகக் கேட்பது, ஒரு மெட்டு எப்படிக் கைமாறுகிறது என்பதைக் கால் மணி நேரத்தில் கற்றுத்தரும்.

சிகாகோவின் சான்ஸ் நிறுவனம் 1953இல் வெளியிட்ட மூன்குளோஸ் தட்டு, சேகரிப்பவர்கள் தேடி அலையும் ஒன்று. ஒரு பக்கம் ‘ஹே சாண்டா கிளாஸ்’, மறுபக்கம் மெதுவான ‘ஜஸ்ட் எ லோன்லி கிறிஸ்துமஸ்’.

பருவ வியாபாரத்தின் கணக்கு

சாதாரணத் தட்டுக்கு வாழ்நாள் என்று ஒன்று நிச்சயமில்லை. ஓடினால் ஆறு மாதம்கூட ஓடும். கிறிஸ்துமஸ் தட்டுக்கு நவம்பர் நான்காவது வியாழனன்று வரும் ‘தேங்க்ஸ்கிவிங்’ முதல் டிசம்பர் 25 வரை, சுமார் நான்கு வாரம்தான். கோடையிலோ இலையுதிர்காலத்திலோ பதிவுசெய்து, அச்சடித்து, நவம்பருக்குள் கடைக்கும், காசு போட்டால் தட்டை ஓட்டும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளை நடத்துபவர்களுக்கும் அனுப்பிவிட வேண்டும். தாமதமானால் அந்த வருடம் போச்சு.

ஆனால் ஒரு லாபமும் உண்டு. ஒருமுறை பிடித்துப்போன பாட்டுக்கு அடுத்த வருடம் புதுப் பதிவுச் செலவு கிடையாது. பழைய அச்சை எடுத்து மறுபடி அடித்தால் போதும். சின்சினாட்டியில் சிட் நேதன் நடத்திய கிங் நிறுவனத்திடம் சொந்த அச்சுக்கூடமே இருந்தது. 1960இல் அவர்கள் வெளியிட்ட 5405 எண் தட்டில் ஒரு பக்கம் சார்லஸ் பிரவுனின் ‘ப்ளீஸ் கம் ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்’, மறுபக்கம் ஏமஸ் மில்பர்ன் பாடிய வேறொரு கிறிஸ்துமஸ் பாட்டு. ஒரே தட்டில் இரு பாடகர்கள்; இரண்டில் எது பிடித்தாலும் தட்டு விற்கும். பிரவுன் பக்கம்தான் நின்றது. வருடா வருடம் திரும்பி வந்து, பில்போர்டு அப்போது தனியாக நடத்திய கிறிஸ்துமஸ் பட்டியலில் 1972இல் முதலிடம் பிடித்தது. வெளியாகி 12 வருடம் கழித்து! 1978இல் ஈகிள்ஸ் பாடியது அதன் பிறகுதான்.

எதிர்மாறாகவும் நடக்கும். ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த ‘எ கிறிஸ்துமஸ் கிஃப்ட் ஃபார் யூ’ எல்.பி. (பல பாட்டுகள் அடங்கிய நீள்தட்டு) வெளியான நாள் 1963 நவம்பர் 22. அன்றுதான் அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். துக்கத்தில் இருந்த நாட்டில் பண்டிகைத் தட்டு விலைபோகவில்லை. டார்லீன் லவ் அதில் பாடிய ‘கிறிஸ்துமஸ் (பேபி ப்ளீஸ் கம் ஹோம்)’ இன்று இந்த வகையின் உச்சங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1972இல் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் அந்த எல்.பி.யை மறுபடி வெளியிட்டது. அந்த நான்கு வாரத்தைத் தவறவிட்டாலும், நல்ல தட்டுக்கு அடுத்த டிசம்பர் என்று ஒன்று இருக்கிறது.

அறுபதுகளின் சோல்

அறுபதுகளில் தாளம் தடித்தது, ஹாமண்ட் ஆர்கனும் பித்தளைக் கருவிகளும் முன்னுக்கு வந்தன. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் 1966இல் பாடகரே இல்லாமல் ‘இன் தி கிறிஸ்துமஸ் ஸ்பிரிட்’ என்ற முழு எல்.பி. செய்தார்கள். ஓட்டிஸ் ரெடிங் பாடிய ‘மெர்ரி கிறிஸ்துமஸ் பேபி’ 1947 பாட்டின் சோம்பலைத் துரத்திவிட்டு நடைபோட வைத்தது. அது வெளியானது 1968இல்; ரெடிங் 1967 டிசம்பர் 10இல் விமான விபத்தில் இறந்துவிட்டிருந்தார். ஜேம்ஸ் பிரவுன் 1968இல் சாண்டாவை நேராக ஏழைகளின் சேரிக்குப் போகச் சொல்லிப் பாடினார். பண்டிகைப் பாட்டு அரசியல் பேசிய இடம் அது.

அந்த ஆண்டு அட்கோ நிறுவனம் தொகுத்த ‘சோல் கிறிஸ்துமஸ்’ எல்.பி.யை ஒரே ஒரு தட்டு வாங்க நினைப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். ரெடிங், கார்லா தாமஸ், வில்லியம் பெல், கிங் கர்ட்டிஸ், சாலமன் பர்க் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். கிளாரன்ஸ் கார்ட்டரின் ‘பேக் டோர் சாண்டா’வும் அதில்தான். ராப் கேட்பவர்களுக்கு அதன் பித்தளை முழக்கம் தெரிந்திருக்கும், 1987இல் ரன்-டி.எம்.சி. எடுத்துக்கொண்டது அதைத்தான்.

தட்டு என்ற பொருள்

வாங்க நினைப்பவர் மூன்று பொருள்களைப் பிரித்தறிய வேண்டும்.

78 தட்டு அரக்கால் ஆனது. நம் கதவில் முத்திரை வைக்கும் அதே அரக்கு. இந்தியாவிலிருந்துதான் அமெரிக்காவுக்குப் போனது. 1942இல் போரினால் வரத்து குறைய, அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்கை 70 சதவீதம் வெட்டியது. போருக்குப் பின் அந்தத் தடை நீங்கியதும்தான் மேலே சொன்ன சிறு நிறுவனங்கள் மளமளவென்று எழுந்தன. அரக்கோடு கல்தூளும் கரியும் கலந்திருப்பதால் தட்டு கனமாக இருக்கும், கீழே விழுந்தால் நொறுங்கும், ஓடும்போது பொரிவதுபோல் ஒரு சத்தம் அடியில் இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் பழுது அல்ல.

45 தட்டு 7 அங்குலம், 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்தது. நடுத்துளை 38 மி.மீ. இருக்கும், சாதாரண டர்ன்டேபிளில் போட நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும். சில 45கள் வினைல், சில பாலிஸ்டைரீன். இந்த வேறுபாட்டைக் கடைக்காரர்களே பலமுறை சொல்வதில்லை. பாலிஸ்டைரீன் வளையாது, விளிம்பில் சீக்கிரம் விரிசல் விடும், நகத்தால் தட்டினால் ‘டிக்’ என்று உலர்ந்த சத்தம் வரும். அதைவிட முக்கியம், தேய்ந்த ஊசியால் ஒருமுறை ஓட்டினாலும் அதில் நிரந்தர இரைச்சல் ஏறிவிடும். ரேடியோ நிலையப் பிரதிகளில் பாட்டின் முதல் சில விநாடிகள் மட்டும் உஸ்ஸென்று கேட்கும். அறிவிப்பாளர் பாட்டைத் தயாராக நிறுத்த முன்னும் பின்னும் சுழற்றியதால் வந்த தேய்மானம் அது; எந்தக் கழுவலாலும் போகாது.

மூன்றாவது 33⅓ எல்.பி.; அதில் புதியவருக்குப் பெரிய சிக்கல் இல்லை.

ஊசியும் எடையும்

பெரும்பாலான பழுது இங்கேதான் நேர்கிறது. 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு 3 மில், அதாவது சுமார் 76 மைக்ரான் முனை உள்ள ஊசி வேண்டும். ஐம்பதுகளின் மோனோ (ஒரே ஒலித்தடம் உள்ள) 45க்கும் எல்.பி.க்கும் 1 மில், சுமார் 25 மைக்ரான். எல்.பி. ஊசியால் 78ஐ ஓட்டினால் ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உரசிக்கொண்டு போகும். பாட்டைவிட இரைச்சல் அதிகம் கேட்கும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் பள்ளத்தின் சுவரே பாழாகும். வீட்டில் பழைய தமிழ்ப்பட 78கள் இருந்தால் அவற்றுக்கும் இதே 3 மில் ஊசிதான்.

78க்கு ஊசியின் அழுத்தம் 3 முதல் 5 கிராம் வரை வைக்கலாம். லேசாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைத்து 1 கிராமுக்குக் குறைத்தால் ஊசி துள்ளித் துள்ளிப் பள்ளத்தை அடிக்கும், சேதம் கூடும். சாவி கொடுக்கும் கிராமபோனில் 1947க்குப் பிந்தைய தட்டுகளைப் போடவே வேண்டாம். எஃகு ஊசியும் அந்தக் கனமான தலையும் சில முறைகளிலேயே உயர்ந்த சுரங்களைச் சீவி எடுத்துவிடும்.

பெருக்கியில் (ஆம்ப்ளிஃபயர்) ‘மோனோ’ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமாக வரும் அசைவு முழுதும் தூசி, கீறல்தான். இரண்டு பக்க ஒலியையும் சேர்த்துவிட்டால் அது பெருமளவு அடங்கிவிடும். காசு செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான்.

1954க்கு முந்தைய தட்டுகள் மந்தமாகவோ கூச்சலாகவோ கேட்டால் தட்டைக் குறைசொல்ல வேண்டாம். தாழ்ந்த சுரத்தைக் குறைத்து உயர்ந்த சுரத்தைக் கூட்டிப் பதிவுசெய்யும் அளவு அந்த ஆண்டில்தான், அமெரிக்கத் தட்டு நிறுவனங்களின் சங்கமான ‘ஆர்.ஐ.ஏ.ஏ.’ பெயரில் பொதுவாயிற்று. அதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு கணக்கு. பெருக்கியின் பேஸ், ட்ரெபிள் திருகிகளைக் காதுக்குச் சரியாக வரும்வரை திருப்பிக்கொள்ளலாம்.

கழுவுதல்

78ஐ ஆல்கஹால் கலந்த எதனாலும் துடைக்கக் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். கடையில் விற்கும் எல்.பி. கழுவும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு, புட்டியைப் படித்துப் பாருங்கள். பாலிஸ்டைரீன் 45க்கும் இதே எச்சரிக்கை. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போதும். மென்மையான தூரிகையால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் தண்ணீரால் அலசி, நிமிர்த்தி வைத்து உலர்த்த வேண்டும். நடுவில் உள்ள காகித லேபிள் நனையக் கூடாது. நனைந்தால் சாயம் ஓடும். ஊறவும் வைக்காதீர்கள். விளிம்பில் விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போய் அது நீளும்.

எந்த வருட அச்சு?

ஒவ்வொரு டிசம்பரும் மறுபடி அடித்ததால், லேபிளில் 1954 பாட்டு இருந்தாலும் தட்டு 1970ஐச் சேர்ந்ததாக இருக்கலாம். தட்டே சில தடயங்களைத் தருகிறது.

முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தையது. அமெரிக்காவில் அந்த எண் முறை வந்ததே அப்போதுதான். வட்டத்துக்குள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் 1972 அல்லது அதற்குப் பின். 1958க்கு முந்தைய பாட்டுக்கு ‘ஸ்டீரியோ’ என்று போட்டிருந்தால் அது பிற்கால அச்சு. பெரும்பாலும் மோனோவைப் பிரித்துச் செய்த போலி ஸ்டீரியோ, அதைத் தவிர்ப்பது நல்லது. அட்லாண்டிக், அட்கோ எல்.பி. லேபிளில் ‘1841 பிராட்வே’ என்ற முகவரி அறுபதுகளின் கடைசியையும் எழுபதுகளின் தொடக்கத்தையும் காட்டும். ‘75 ராக்கஃபெல்லர் பிளாசா’ என்றால் 1973க்குப் பின். கிங் தட்டில் சின்சினாட்டிக்குப் பதில் நாஷ்வில் இருந்தால் நிறுவனம் கைமாறிய பிறகு வந்தது. சிட் நேதன் 1968இல் இறந்தார்.

லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையே உள்ள வெறும் வளையத்தை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். அங்கே அச்சு எண் பொறித்திருக்கும். சிறு முக்கோணமும் ஓர் எண்ணும் இருந்தால் லாஸ் ஏஞ்சலிஸின் மோனார்க் அச்சுக்கூடத்தில் அடித்தது. இணையத்தில் உள்ள ‘டிஸ்காக்ஸ்’ என்ற இசைத்தட்டுத் தரவுத்தளத்தில் இந்த எண்களை ஒப்பிடலாம். விற்பவரிடம் படம் கேட்கும்போது லேபிள் படத்தோடு இந்த வளையத்தின் படத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் முதல் அச்சு விலை கொடுக்காதீர்கள்.

அச்சைவிடப் பெரிய குழப்பம் மறுபதிவு. சார்லஸ் பிரவுன் ‘மெர்ரி கிறிஸ்துமஸ் பேபி’யை ஒரு முறை மட்டும் பாடவில்லை, 1956இல் அலாடினுக்கும், பின்னர் வேறு இடங்களிலும் மறுபடி பதிவுசெய்தார். மலிவுத் தொகுப்புகள் எது எந்த ஆண்டு என்று சொல்லாது. பெயர் ‘ஜானி மூர்ஸ் த்ரீ பிளேசர்ஸ்’ என்று இல்லாமல் பிரவுன் பெயர் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்; பின்னணியில் பித்தளைக் கருவிகளோ வயலின் கூட்டமோ கேட்டால், அது 1947 பதிவு அல்ல. பிந்தைய பதிவுகளும் நன்றாகவே இருக்கும். ஆனால் எதற்குப் பணம் தருகிறோம் என்று தெரிந்து தர வேண்டும்.

வாங்கும்போது

ஜனவரி, பிப்ரவரியில் வாங்குங்கள். டிசம்பரில் எல்லோரும் தேடுவார்கள். விற்பவர் கொடுக்கும் தரம் கண்ணால் பார்த்ததா, ஓட்டிக் கேட்டதா என்று கேளுங்கள். பளபளப்பான பாலிஸ்டைரீன் 45 இரைச்சலாக ஓடுவதும், மங்கிய வினைல் சுத்தமாக ஓடுவதும் சகஜம். லேபிளில் யாரோ பேனாவால் எழுதிய பெயர் விலையைக் குறைக்கும், ஒலியைக் குறைக்காது. கேட்பதற்காக வாங்குகிறவருக்கு அதுவே நல்ல பேரம்.

78 தபாலில் வரும்போது உடைவதுதான் வழக்கமான விபத்து. தட்டைவிடச் சற்றுப் பெரிய இரண்டு நெளி அட்டைகளுக்கு நடுவே அசையாமல் ஒட்டி, அந்தப் பொதியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. மெத்தை விட்டு, இன்னொரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதுங்கள். எல்.பி. அனுப்பும் தட்டையான உறை 78க்கு உதவாது.

வந்ததும் உடனே ஓட்ட வேண்டாம். அறை வெப்பத்துக்கு வர சில மணி நேரம் விட்டு, கழுவி, உலர்த்தி, புதுக் காகித உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது உடையும், வினைல் என்றால் வளையும். நம் ஊர் வெயிலில் ஜன்னல் ஓரமும் பரண்மேலும் கூடாது. அலமாரியின் கீழ்த்தட்டே அவற்றுக்கு ஏற்ற இடம்.